பார்னெல்லும் 86 பேரும்

(நம் சங்கத்தின் மாதாந்திர அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



சென்ற மாதக் கூட்டம் முடியும் தறுவாயில் பின்வரிசையிலிருந்து ஒரு தாயார் எழுந்து ஒரு கேள்வி கேட்டார்கள். "அம்மாம் பெரிய சபையில நம்மாளு நாலு பேரு போயி என்னய்யா செஞ்சிடப் போறாங்க? ஓட்டை அவங்களுக்குப் போடுறதுக்குப் பதிலா குழாய் போட்டுத் தர்றவனுக்குப் போட்டா தண்ணியாவது வரும்ல?" என்றார்கள். நாம் சிரித்தோம். சிரித்தோமே தவிர, பதில் சொல்லவில்லை. நேரமாகிவிட்டது என்று கூட்டத்தை முடித்துவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. எண்ணிக்கையில் என்றென்றும் சிறுபான்மையாகவே இருக்கப் போகிற ஓர் இனம், பெரும்பான்மையின் சபைக்குள் போய் என்ன சாதிக்க முடியும்? இதற்குப் பதில் தேடி நம் படிப்பு வட்டத்தில் ஒரு மாதம் படித்தோம். படித்தது ஓர் அயர்லாந்துக்காரரின் வாழ்க்கையை. அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

அவர் பெயர் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல். 1846இல் பிறந்தார். 1891இல், 45 வயதில் மறைந்தார். பாராளுமன்றத்தில் இருந்தது 16 ஆண்டுகள். இந்தப் பதினாறு ஆண்டுகளில், உலகத்தின் கால் பகுதியை ஆண்டுகொண்டிருந்த இங்கிலாந்தின் அரசாங்கங்களை ஆக்கவும் கவிழ்க்கவும் வல்லவராக ஆனார். கையில் துப்பாக்கி இல்லை. கையிலிருந்ததெல்லாம் உறுப்பினர்களின் எண்ணிக்கையும் ஒரு காகிதமும்தான். அந்தக் காகிதம் என்ன என்பதைப் பிறகு சொல்கிறோம்.

முதலில் நாட்டின் நிலைமை. 1801 முதல் அயர்லாந்துக்குத் தனிப் பாராளுமன்றம் கிடையாது; இலண்டன் சபையில்தான் இடம். நிலமெல்லாம் நிலப்பிரபுக்களுடையது, அவர்களில் பலர் ஊரிலேயே இருப்பதில்லை. குடியானவன் உருளைக்கிழங்கைத் தின்று, விளைந்த தானியத்தைக் குத்தகைக்கு அளந்தான். 1845இல் உருளைக்கிழங்கை நோய் தாக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் பேர் பட்டினியிலும் காய்ச்சலிலும் மாண்டார்கள். ஏறக்குறைய அதே அளவு மக்கள் கப்பலேறினார்கள். அமெரிக்காவுக்குப் போக வழிச்செலவு இல்லாதவர்கள் எதிர்க்கரையிலிருந்த லிவர்பூலில் இறங்கித் தங்கிவிட்டார்கள். 1851இல் லிவர்பூல் மக்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் அயர்லாந்தில் பிறந்தவர். துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள், நிலவறைகளில் குடியிருந்தார்கள். வேலைக்கு ஆள் தேவை என்று விளம்பரம் போடும்போதே 'ஐரிஷ்காரர் விண்ணப்பிக்க வேண்டாம்' என்று சேர்த்துப் போடுவார்கள். இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பார்னெல் பட்டினி கிடந்த குடும்பத்துப் பிள்ளை அல்ல. விக்லோ மாவட்டத்து அவொண்டேல் பண்ணையின் நிலப்பிரபு. நாட்டு மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர், இவரோ புராட்டஸ்டண்ட். தாயார் அமெரிக்கக் கடற்படைத் தளபதி ஒருவரின் மகள். கேம்பிரிட்ஜில் பட்டம் முடிக்காமல் திரும்பியவர். மேடையிலே தொடக்கத்தில் திக்கித் திணறிப் பேசியவர். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், தலைவராவதற்கு வேண்டிய எதுவுமே இல்லாதவர்!

அதே 1846ஆம் ஆண்டில் மேயோ மாவட்டத்தில் இன்னொரு பிள்ளையும் பிறந்தது. மைக்கேல் டேவிட் என்று பெயர். குத்தகை பாக்கிக்காக 1850இல் அந்தக் குடும்பத்தை வீட்டைவிட்டுத் துரத்தினார்கள். கடல் கடந்து இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலை ஊர் ஒன்றுக்குப் போனார்கள். ஆலை வேலைக்குப் போன பையனின் வலது கையை 11ஆம் வயதில் இயந்திரம் பறித்துக்கொண்டது. ஆலைப் பகுதிகளில் வாழ்ந்த நம் பெரியவர்களிடம் கேளுங்கள், இப்படிப்பட்ட பையன்களை அவர்கள் பெயர் சொல்லி அறிவார்கள். பிறகு புரட்சிக் குழுவில் சேர்ந்து ஏழாண்டு சிறையிருந்தார் டேவிட். நிலப்பிரபுவின் மகனும், நிலப்பிரபு துரத்திய குடியானவன் மகனும் ஒன்றாகச் சேர்ந்த கதை இது.

1875இல் மீத் தொகுதி இடைத்தேர்தலில் வென்று பார்னெல் சபைக்குள் நுழைந்தார். அப்போது ஐரிஷ் உறுப்பினர்களின் தலைவர் ஐசக் பட் என்ற வழக்கறிஞர். நல்லவர், கெட்டிக்காரர். ஆண்டுதோறும் சுயாட்சித் தீர்மானம் கொண்டுவருவார். அழகாகப் பேசுவார். ஆங்கில உறுப்பினர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு மரியாதையாகத் தோற்கடிப்பார்கள். பிறகு எல்லோரும் சாப்பிடப் போவார்கள். நம் பிரதிநிதிகளில் இப்படிப்பட்டவர்களை நாமும் பார்த்திருக்கிறோம் அல்லவா?

ஜோசப் பிக்கர் என்று ஓர் உறுப்பினர், பெல்பாஸ்ட்டைச் சேர்ந்த பன்றி இறைச்சி வியாபாரி. அவர் ஒரு வழி கண்டார். அந்நாளில் ஓர் உறுப்பினர் எவ்வளவு நேரமும் பேசலாம். பேச்சை நிறுத்தும் விதியே கிடையாது. பார்னெல் பதவியேற்ற அதே நாளில் பிக்கர் எழுந்து அரசாங்க அறிக்கைகளை ஏறக்குறைய நான்கு மணி நேரம் படித்தார். குரல் கேட்கவில்லை என்று சபாநாயகர் சொன்னாராம். 'அப்படியா' என்று புத்தகங்களை அள்ளிக்கொண்டு பக்கத்து வரிசைக்கு வந்து, முதலிலிருந்து படிக்கட்டுமா என்று கேட்டாராம்! புதிய உறுப்பினர் பார்னெல் பார்த்துக்கொண்டிருந்தார். அயர்லாந்தின் குரலை இந்தச் சபை கேட்காது என்றால், இந்தச் சபை வேறு எந்த வேலையும் பார்க்கக் கூடாது என்று முடிவு கட்டினார். 1877இல் தென்னாப்பிரிக்க மசோதா மீது ஏழு பேர் சேர்ந்து சபையைத் தொடர்ந்து 26 மணி நேரம் உட்கார வைத்தார்கள். 1881இல் அயர்லாந்து அடக்குமுறை மசோதா வந்தபோது 41 மணி நேரம். கடைசியில் சபாநாயகர் தம் சொந்த அதிகாரத்தில் விவாதத்தை முடித்தார். பேச்சுக்குக் கால வரம்பு கட்டும் விதிகள் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் வலுப்பெற்றது இந்தப் போராட்டத்தால்தான். பாராளுமன்றங்களின் தாய் என்று பெருமை பேசிய சபை, ஒரு கைப்பிடி ஐரிஷ்காரருக்காகத் தன் வழக்கத்தையே மாற்ற வேண்டி வந்தது.

ஐசக் பட்டுக்கு இது பிடிக்கவில்லை. சபையின் கண்ணியம் கெடுகிறது என்றார். யார் பக்கம் நியாயம் என்று முதலில் தீர்ப்புச் சொன்னவர்கள் யார் தெரியுமா? டப்ளின் நகரத்துப் பெரிய மனிதர்கள் அல்லர். 1877 ஆகஸ்டில் லிவர்பூலில், பிரிட்டனில் பிழைக்கப் போன ஐரிஷ்காரர்களின் சுயாட்சி அமைப்பு கூடியது. பட்டைத் தலைமையிலிருந்து இறக்கிவிட்டுப் பார்னெல்லைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அவருக்கு 31 வயது. அவர் வகித்த முதல் பெரிய தலைமைப் பதவி, கூலிக்குப் போன இடத்தில் கூலிக்காரர்கள் கொடுத்தது. சொந்த நாட்டிலிருந்த கட்சி அவரைத் தலைவராக ஏற்க மேலும் மூன்றாண்டுகள் ஆயின. அதுவும் 23க்கு 18 என்ற வாக்கில்.

1879இல் மறுபடி விளைச்சல் பொய்த்தது. குத்தகை கட்ட முடியாதவர்களை வெளியேற்றத் தொடங்கினார்கள். டேவிட் நிலச் சங்கத்தைத் தொடங்கினார், பார்னெல் தலைவரானார். 1880 செப்டம்பரில் என்னிஸ் என்ற ஊரில் பார்னெல் பேசினார். ஒருவனைத் துரத்திவிட்ட நிலத்தை இன்னொருவன் குத்தகைக்கு எடுத்தால் அவனை அடிக்காதே, சுடாதே. கடைவீதியில், தெருவில், வழிபாட்டு இடத்தில்கூட அவனோடு பேசாதே, ஒதுக்கி வை என்றார். அடுத்த சில வாரங்களில் மேயோவில் கேப்டன் பாய்காட் என்ற பண்ணை ஏஜெண்டின் மேல் மக்கள் இதைப் பிரயோகித்தார்கள். வேலைக்கு ஆள் வரவில்லை. கடைக்காரன் சாமான் தரவில்லை. தபால் கொண்டுவரும் பையனும் நின்றுவிட்டான். வயலில் விளைந்ததை அறுக்க வடக்கேயிருந்து 50 ஆட்களையும், அவர்களுக்குக் காவலாக ஏறக்குறைய ஆயிரம் சிப்பாய்களையும் போலீஸ்காரர்களையும் அனுப்பினார்கள். காவலுக்கு ஆன செலவு பயிரின் விலையைப் போலப் பல மடங்கு! நம் தொழிற்சங்கக் கூட்டங்களில் 'பாய்காட், பாய்காட்' என்று முழங்குகிறோமே, அது அந்த மனிதரின் பெயர்தான்.

அரசாங்கம் என்ன செய்தது? ஒரு கையில் 1881 நிலச் சட்டம், மறு கையில் சிறை. 1881 அக்டோபரில் பார்னெல்லைக் கில்மைன்ஹாம் சிறையில் அடைத்தார்கள். ஆண் தலைவர்களில் பலர் உள்ளே போனார்கள். அப்போது இயக்கத்தைத் தாங்கியவர்கள் பெண்கள். இங்கு வந்திருக்கும் தாய்மார்கள் இதைக் கவனித்துக் கேட்க வேண்டுகிறோம். பார்னெல்லின் தங்கை அன்னா பார்னெல் தலைமையில் மகளிர் நிலச் சங்கம் இயங்கியது. வெளியேற்றம் நடக்கும் வயல்வரப்புக்கே போய் நின்றார்கள். துரத்தப்பட்ட குடும்பங்களுக்குக் குடிசை போட்டார்கள். சிறையிலிருந்தவர்களுக்குச் சோறு அனுப்பினார்கள். அவர்களில் பலரும் சிறை சென்றார்கள். 1882 மே மாதம் பார்னெல் அரசாங்கத்தோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டு வெளியே வந்தார். வந்ததும் செய்த காரியங்களில் ஒன்று, இந்த மகளிர் சங்கத்துக்குப் பணத்தை நிறுத்தி அதைக் கலைத்தது. அவர்கள் மிகவும் வேகமாகப் போகிறார்கள், செலவு செய்கிறார்கள் என்பது அவர் எண்ணம். அன்னா அதன்பின் அண்ணனோடு பேசவே இல்லை. பார்னெல்லைப் புகழும் நூல்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. நாம் தாண்ட விரும்பவில்லை. கூட்டத்துக்குப் பாய் விரிக்கவும் டீ போடவும் பெண்கள், முடிவெடுக்க ஆண்கள் என்ற வழக்கம் நம் சங்கத்திலும் இல்லையென்று யாராவது சொல்வீர்களா?

இப்போது அந்தக் காகிதத்துக்கு வருவோம். 1884இல் பார்னெல்லின் கட்சி ஓர் உறுதிமொழியை எழுதியது. வேட்பாளராக நிற்கிற ஒவ்வொருவரும் அதில் கையெழுத்திட வேண்டும். சபையில் கட்சியோடு உட்காருவேன், கட்சியோடு செயல்படுவேன், கட்சியோடு வாக்களிப்பேன். இதை மீறினேன் என்று கட்சியின் பெரும்பான்மை முடிவு செய்தால் பதவியை ராஜினாமா செய்வேன். இவ்வளவுதான். நம் நாட்டில் கட்சித் தாவலைத் தடுக்க 1985இல் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். அதன் பிறகும் நடப்பதைப் பார்க்கிறோம். அங்கே சட்டம் கிடையாது. கையெழுத்தும் மானமும்தான்.

கையெழுத்துக்குப் பின்னால் ஒரு வயிற்றுப் பிரச்சினையும் இருந்தது. 1911 வரை இங்கிலாந்தில் பாராளுமன்ற உறுப்பினருக்குச் சம்பளம் இல்லை. ஆகவே பணக்காரன்தான் உறுப்பினராக முடியும். பணக்காரனைக் கட்டுப்படுத்துவது யார்? பார்னெல் தம் ஏழை உறுப்பினர்களுக்குக் கட்சி நிதியிலிருந்து படி கொடுத்தார். கடைக்காரர், பத்திரிகைக்காரர், குடியானவர் என்று சபைக்குள் வந்தார்கள். அந்த நிதி எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி கடல் கடந்து போனவர்களிடமிருந்து. நியூயார்க், பாஸ்டன் நகரங்களில் வீட்டு வேலை செய்த பெண்களும், ரயில் பாதை போட்ட கூலிகளும் கொடுத்த டாலர். நம் ஊர்க் கோயில் கொடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மணியார்டர் காலம் முதல் இங்கேயிருந்து போனதே, அதே வியர்வைக் காசுதான். பார்னெல்லின் பண்ணை கடனில் மூழ்கியபோதும் 1883இல் மக்கள் வசூல் செய்தார்கள். அந்த வசூலைக் கண்டித்து ரோமாபுரியிலிருந்து கடிதம் வந்தது. அதன்பின் வசூல் இன்னும் கூடியது! 37,000 பவுனைத் தாண்டிற்று.

1884 தேர்தல் சட்டம் அயர்லாந்தில் வாக்காளர் தொகையை மூன்று மடங்குக்கு மேல் ஆக்கியது. பிரிட்டனிலிருந்த ஐரிஷ் தொழிலாளருக்கும் வாக்கு வந்தது. ஆனால் எப்படி வந்தது? ஒரே இடத்தில் 12 மாதம் குடியிருந்ததைக் காட்ட வேண்டும். வேலை தேடி வீடு மாறிக்கொண்டே இருப்பவனுக்கு அது எட்டாது. ஏழைகளுக்கான நிவாரணம் வாங்கியிருந்தால் பெயர் அடிபடும். பெண்களுக்கு வாக்கே கிடையாது. ஆகவே ஐரிஷ் அமைப்பின் கிளைகள் செய்த முதல் வேலை பேச்சல்ல, ஊர்வலமல்ல. வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதுவது, பட்டியலைச் சரிபார்ப்பது, விட்டுப்போன பெயருக்காக அதிகாரி முன் வாதாடுவது. இந்த வேலையை முன்னின்று நடத்தியவர் டி.பி. ஓகானர் என்ற பத்திரிகையாளர்.

1885 நவம்பரில் பொதுத் தேர்தல். லிபரல் அரசு அயர்லாந்தின் மேல் அடக்குமுறைச் சட்டங்களைச் சுமத்திய கோபம் இருந்தது. எதிரணி டோரிக் கட்சியோ ஏதோ தருவது போலச் சாடை காட்டியது. பிரிட்டனிலிருந்த ஐரிஷ் வாக்காளர் அனைவரும் லிபரல்களுக்கு எதிராக வாக்களிக்க வேண்டும் என்று கட்சி அறிக்கை விட்டது. இது எளிய உத்தரவா? அந்த மக்கள் வழிவழியாக லிபரல்களுக்குப் போட்டவர்கள். டோரிகளோ அவர்களை மதத்தாலும் இனத்தாலும் இழிவு செய்தவர்கள். தொழிற்சாலையில் பக்கத்தில் நின்று வேலை செய்யும் ஆங்கிலத் தோழன் லிபரல்காரன். இருந்தும் பெரும்பாலோர் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு வாக்களித்தார்கள். எத்தனை தொகுதிகளில் அது முடிவை மாற்றியது என்று ஆய்வாளர்கள் இன்றும் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள்.

முடிவைக் கேளுங்கள். 670 பேர் சபையில் லிபரல்கள் 335. டோரிகள் 249. இரண்டுக்கும் வித்தியாசம் 86. பார்னெல்லின் கட்சி எத்தனை? 86! அயர்லாந்தின் 103 இடங்களில் 85, மீதி ஒன்று லிவர்பூல். ஆம், பிழைக்கப் போன இடத்துத் துறைமுகத் தொகுதியிலேயே டி.பி. ஓகானரை ஐரிஷ் தேசியவாதியாக நிறுத்தி வென்றார்கள். 1929இல் அவர் இறக்கும் வரை அந்தத் தொகுதியை அவரிடமிருந்து யாரும் பறிக்க முடியவில்லை.

பின்வரிசைத் தாயார் கேட்டார்களே, நாலு பேர் என்ன செய்ய முடியும் என்று. 86 பேர் என்ன செய்தார்கள் பாருங்கள். ஜனவரியில் டோரி அரசு விழுந்தது. லிபரல் தலைவர் கிளாட்ஸ்டன், 76 வயதுக் கிழவர், இங்கிலாந்தின் முதுபெரும் தலைவர், அயர்லாந்துக்குச் சுயாட்சி கொடுப்பதே நியாயம் என்று மனம் மாறி, 1886 ஏப்ரலில் மசோதாவைக் கொண்டுவந்தார். பத்தாண்டுக்கு முன் சிரித்துத் தோற்கடித்த கோரிக்கை, இப்போது அரசாங்கத்தின் மசோதா! ஜூன் மாதம் அது 30 வாக்குகளில் தோற்றது. லிபரல்களிலேயே 93 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள்.

உடனே மறு தேர்தல். எட்டு மாதத்துக்கு முன் லிபரலுக்குப் போடாதே என்று எந்தக் கதவைத் தட்டினார்களோ, அதே கதவை இப்போது தட்டி லிபரலுக்குப் போடு என்றார்கள். அந்தக் குடும்பங்கள் அதையும் செய்தன. ஆனால் அதற்கு விலை கொடுத்ததும் அவர்களே. இவர்கள் நம்மோடு இருந்துகொண்டு வேறெங்கோ விசுவாசம் வைத்திருப்பவர்கள் என்ற பேச்சு பலத்தது. தலைவர்கள் இலண்டனில் பேரம் பேசினார்கள். வீட்டுக்காரனையும் மேஸ்திரியையும் மறுநாள் காலையில் எதிர்கொள்ள வேண்டியவர்கள் இவர்கள்தான். 1960களின் பிற்பாதியில் இந்த மும்பை நகரத்தில் தென்னாட்டவர் கடைகளும் ஹோட்டல்களும் பட்ட பாட்டைக் கண்ட பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஊரிலுள்ள தலைவர் ஒரு மேடையில் சொல்லும் ஒரு வார்த்தை இங்கே எந்தச் சந்தில் வந்து விழும் என்பது அவர்களுக்குத் தெரியும். வாக்கை ஒன்றாகப் போடுவதால் பலம் உண்டு. அந்தப் பலம் இலவசமாக வருவதில்லை. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

இனி வீழ்ச்சி. அதற்கு முன் ஒரு வெற்றியை விரைவாகச் சொல்லிவிடுகிறோம். 1887இல் இலண்டன் டைம்ஸ் பத்திரிகை, டப்ளின் பூங்காவில் நடந்த ஓர் அரசியல் கொலைக்குப் பார்னெல் அனுதாபம் காட்டியதாக ஒரு கடிதத்தை வெளியிட்டது. விசாரணைக் குழு அமைந்தது. கடிதத்தை விற்ற பிகட் என்பவனைச் சாட்சிக் கூண்டில் சில சொற்களை எழுதச் சொன்னார்கள். ஓர் ஆங்கிலச் சொல்லை எழுத்துப் பிழையோடு எழுதினான். அதே பிழை அவன் முன்பு எழுதிய கடிதத்திலும் இருந்தது! ஓடிப்போய் மாட்ரிட்டில் தற்கொலை செய்துகொண்டான். டைம்ஸ் 5,000 பவுன் கொடுத்தது. பார்னெல் சபைக்குள் நுழைந்தபோது எதிரிகளில் பலரும் எழுந்து நின்றார்கள். 1889இல் அவர் உச்சியில் இருந்தார்.

அடுத்த ஆண்டே எல்லாம் போயிற்று. கேப்டன் ஓஷே என்ற ஐரிஷ் உறுப்பினர். அவர் மனைவி கேதரின், கணவரைப் பிரிந்து வாழ்ந்தவர். பார்னெல்லும் கேதரினும் 1880 முதல் சேர்ந்து வாழ்ந்தார்கள், குழந்தைகளும் இருந்தன. 1889 இறுதியில் ஓஷே விவாகரத்து வழக்குப் போட்டார். 1890 நவம்பரில் தீர்ப்பு வந்தது. பார்னெல் எதிர்வழக்காடவில்லை, கேதரினை மணக்க அதுவே வழி.

இரண்டு பெரியவர்களின் சொந்த வாழ்க்கையை இங்கே பஞ்சாயத்துக்கு வைக்கப் போவதில்லை. நமக்குத் தோன்றும் தவறு வேறு; அது நான்கு ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது. 1886 பிப்ரவரியில் கால்வே தொகுதிக்கு இடைத்தேர்தல். அங்கே இந்த ஓஷேயைப் பார்னெல் வேட்பாளராகத் திணித்தார். ஓஷே உறுதிமொழியில் கையெழுத்திட மறுத்தவர்! பிக்கரும் இன்னும் சிலரும் நேரில் போய் எதிர்த்தார்கள். பார்னெல் போய் அவர்களை அடக்கினார். கட்சி வாயடைத்து ஒப்புக்கொண்டது. சில மாதம் கழித்துச் சுயாட்சி மசோதா வாக்கெடுப்பு வந்தபோது அந்த ஓஷே வாக்களிக்காமல் ஒதுங்கிவிட்டார். 85 பேரையும் கட்டிய காகிதம், தலைவரின் ஒரு தனிப்பட்ட கட்டாயத்துக்காகக் கிழிந்தது. கிழித்தவர் அதை எழுத வைத்தவரே. அன்று எதிர்த்துப் பேசியவர்களோடு மற்றவர்களும் நின்றிருந்தால் 1890 வேறு மாதிரி இருந்திருக்கும் என்பது நம் எண்ணம்.

தீர்ப்புக்குப் பின் நவம்பர் 25இல் கட்சி கூடி அவரையே மீண்டும் தலைவராக்கியது. அன்றே கிளாட்ஸ்டனின் கடிதம் வெளியாயிற்று. பார்னெல் தலைவராக நீடித்தால் தம் தலைமையே பயனற்றதாகிவிடும் என்ற கருத்து அதிலிருந்தது. அதாவது, இவர் போனால்தான் சுயாட்சி. டிசம்பர் 1 முதல் 6 வரை பாராளுமன்றக் கட்டடத்தின் 15ஆம் எண் அறையில் கட்சி உட்கார்ந்து சண்டையிட்டது. கடைசியில் 40க்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள்; 30க்கும் குறைவானோர் அவரோடு தங்கினார்கள்.

யார் பக்கம் நியாயம்? நம் படிப்பு வட்டத்திலேயே இரண்டு கட்சி ஆகிவிட்டது. சிலர் சொன்னார்கள்: ஒரு மனிதரா, ஒரு நாடா என்றால் நாடுதான், அவரே விலகியிருக்க வேண்டும், சில மாதம் ஒதுங்கியிருந்து திரும்பியிருக்கலாம். மற்றவர்கள் சொன்னார்கள்: நம் தலைவர் யார் என்பதை ஆங்கிலேயக் கட்சித் தலைவரின் கடிதம் தீர்மானிக்குமானால், பதினைந்து ஆண்டு சண்டை எதற்கு? 25ஆம் தேதி ஏகமனதாகக் கை தூக்கியவன் மறுவாரம் இறக்குவது என்ன கை? இரவு பதினொன்றரை வரை வாதாடினோம், கடைசி லோக்கல் ரயில் போய்விடும் என்று எழுந்தோம். முடிவு வரவில்லை. இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது என்பதுதான் அந்தக் கதையின் வேதனை.

பார்னெல் அடங்கவில்லை. ஊர் ஊராகப் போனார். பிஷப்புகள் எதிர்த்தார்கள். கில்கென்னி இடைத்தேர்தலின்போது முகத்தில் சுண்ணாம்பை வீசினார்கள். மூன்று இடைத்தேர்தல்களிலும் அவருடைய வேட்பாளர்கள் தோற்றார்கள். 1891 ஜூனில் கேதரினை மணந்தார். செப்டம்பர் இறுதியில் உடல்நலம் கெட்ட நிலையில் மழையில் நனைந்துகொண்டு ஒரு கூட்டத்தில் பேசினார். அக்டோபர் 6ஆம் நாள் பிரைட்டனை அடுத்த ஹோவில் மறைந்தார். டப்ளினில் கிளாஸ்நெவின் இடுகாட்டுக்குப் பெருங்கூட்டம் உடன் சென்றது. முந்தைய ஆண்டு அவரைத் திட்டியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள், ஐயமில்லை.

பிளவு 1900 வரை நீடித்தது. அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்கிறோம். கட்சியின் பணம் பாரிஸ் வங்கியில் இருந்தது. பிளவுக்குப் பின் எந்தப் பிரிவும் தொட முடியாமல் அது முடங்கிற்று. கட்சியை நம்பிக் குத்தகை கட்ட மறுத்து வீடிழந்த குடும்பங்கள் குடிசைகளில் காத்துக் கிடந்தன. இரு பிரிவும் ஒன்றையொன்று குற்றம் சாட்டிக்கொண்டிருந்தன. சண்டை எவ்வளவு உயர்ந்த கொள்கைக்காக நடந்தாலும், சாவி தொலைந்தால் பட்டினி கிடப்பவன் அதே ஏழைதான். நம் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தை ஆண்டுக்கொரு முறை பொதுக்குழுவில் வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்று சில பழைய உறுப்பினர்கள் பிடிவாதம் செய்கிறார்களே, இளைஞர்களுக்கு அது அலுப்பாக இருக்கிறது. அலுப்பாகவே இருக்கட்டும், படிக்கட்டும்.

சுயாட்சி மசோதா 1893இல் மக்கள் சபையில் நிறைவேறிப் பிரபுக்கள் சபையில் 419க்கு 41 என்று தோற்றது. பிறகு 1916 எழுச்சி. 1918 தேர்தலில் பார்னெல் கட்டிய கட்சிக்கு அயர்லாந்து தந்தது 6 இடங்கள். பாராளுமன்றத்துக்கே போக மறுத்த சின் பெயின் கட்சிக்கு 73. பாராளுமன்றப் பாதை வீண் என்று அதை வைத்துச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் குடியானவனுக்கு நிலம் சொந்தமாகும் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது அந்தப் பாதையில்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தியாவுக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. இந்த நகரத்து எல்பின்ஸ்டன் கல்லூரியில் பேராசிரியராக இருந்த தாதாபாய் நவ்ரோஜிக்கு ஓர் அயர்லாந்துத் தொகுதியைக் கொடுத்துப் பாராளுமன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்று டேவிட் விரும்பினார். அது கைகூடவில்லை, நவ்ரோஜி 1892இல் இலண்டன் தொகுதி ஒன்றில் வென்றார். 1894இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் ஆல்பிரட் வெப் என்ற ஐரிஷ் பாராளுமன்ற உறுப்பினர். பார்னெல்லின் கட்சியில் கையெழுத்திட்டு வந்தவர், பிளவில் பார்னெல்லுக்கு எதிர்ப்பக்கம் நின்றவர். 1916இல் அன்னி பெசண்ட் அம்மையார் சென்னையிலிருந்து ஹோம் ரூல் இயக்கம் நடத்தியபோது, அந்தப் பெயரும் அயர்லாந்திலிருந்து வந்ததுதான்.

தாயாரின் கேள்விக்கு முழுப் பதில் சொல்லிவிட்டோம் என்று நாம் நினைக்கவில்லை. குழாயும் வேண்டும், அதில் சந்தேகமில்லை. லிவர்பூல்காரர்கள் பெயர் எழுதும் வேலையிலிருந்து தொடங்கினார்கள் என்பதை மட்டும் திரும்பச் சொல்கிறோம். சென்ற தேர்தலில் நம் சந்துகளில் வாக்குச் சாவடி வரை போய்ப் பெயர் இல்லை என்று திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். வீடு மாறியவர்கள், குடிசை இடிபட்டு வேறிடம் போனவர்கள், கல்யாணமாகி ஊரிலிருந்து வந்த மருமகள்கள். வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்குச் சங்க அலுவலகத்தில் வாக்காளர் பட்டியலை எடுத்து வைத்து உட்காருகிறோம். ரேஷன் கார்டு, மின்கட்டண ரசீது, எது இருக்கிறதோ அதைக் கொண்டுவாருங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் பத்துப் பேர் வேண்டும். பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். வர முடியாத முதியவர்களின் கதவு எண்ணை இன்றே செயலாளரிடம் சொல்லிவிட்டுப் போனால், நாமே வீட்டுக்கு வந்து பார்க்கிறோம்.